சும்மா நிற்கும் கை

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. மேலூர் பக்கத்து ஊரிலிருந்து மதுரை அண்ணாநகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும், "பயந்துட்டியா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"பயப்பட எங்கடா நேரம்? டாக்டரு பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மாவுக்குப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது முடிஞ்சதும் அப்படியே இந்தப் பக்கம் திரும்பிட்டாரு. நர்சுப் பிள்ளை எனக்கு எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு வச்சுட்டு, கையக் கோத்துக்கிட்டு நின்னுச்சு."

அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்றது. காரணம், நான் படித்தது இன்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங். கையைக் கோத்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணி ரிப்போர்ட் எழுதியதுதான் என் முதல் வேலை.

அது ஒரு நூற்பாலை. ரிங் ஃபிரேமில் பாபின்கள் நிறைந்ததும் மெஷினை நிறுத்த வேண்டும். டாஃபிங் ஆட்கள் வந்து நிறைந்ததைக் கழற்றி, வெற்று பாபின் மாட்டினால்தான் மறுபடி ஓடும். நான் 'ஒர்க் சாம்ப்ளிங்' செய்தேன். நாள் முழுக்க ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்காமல், திட்டமில்லாத நேரங்களில் போய்ப் பார்த்து, அந்த நொடியில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் குறிக்கும் முறை. 1930களில் டிப்பெட் என்பவர் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளுக்காக உருவாக்கியதுதான் இது. 400 முறை குறித்தேன். 160 முறை டாஃபிங் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது 40 சதவீதம் 'சும்மா'. இரண்டு செட் ஆட்கள் தேவையில்லை, ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு பேருக்கு வேலை போனது.

அடுத்த மாதம் உற்பத்தி குறைந்தது. மெஷின்கள் சொல்லி வைத்து ஒவ்வொன்றாக நிறைவதில்லையே! சில நேரம் மூன்று ஃபிரேம்கள் ஒன்றாக நிறையும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஆட்கள் வரும்வரை மற்ற இரண்டும் நிற்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு 'மெஷின் இன்டர்ஃபியரன்ஸ்' என்று பெயர். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆலையில் மறந்துவிட்டேன்.

என் எண்ணிக்கை சரிதான். அதை வைத்து நான் எடுத்த முடிவுதான் தப்பு. மதுரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். முன்பெல்லாம் தல்லாகுளத்திலிருந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. மொத்தப் பாதையின் வேகத்தை அந்த ஒரு இடம்தான் தீர்மானித்தது. இதுதான் 'பாட்டில்நெக்'. அங்கே இழந்த ஒரு நிமிஷம் மொத்தப் பாதைக்குமே இழந்த நிமிஷம். வேறு இடத்தில் ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. கோல்ட்ராட் 1984-இல் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதி விளக்கியது இதைத்தான்.

இப்போது அப்பத்தா சொன்ன அறைக்குப் போவோம். அங்கே கிடைப்பதற்கு அரியது கட்டிலும் இல்லை, நர்சும் இல்லை. கண் டாக்டரின் நேரம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆபரேஷனுக்குப் 10 நிமிஷம்; ஒருவரை இறக்கி, அடுத்தவரைப் படுக்க வைத்து, சுத்தம் செய்து தயார் பண்ண இன்னொரு 10 நிமிஷம். ஒரே கட்டில் என்றால் மணிக்கு 3 பேர். இரண்டு கட்டில், இரண்டு செட் நர்சுகள் என்றால் மணிக்கு 6 பேர். டாக்டர் அவசரப்படவே இல்லை. அதே பத்து நிமிஷம்தான். அவருடைய காத்திருப்பு மட்டும்தான் போயிருக்கிறது. அதற்கான விலை, நர்ஸ் கொஞ்சம் முன்னதாகவே தயாராகி நிற்பது.

இது நோயாளிக்கு என்ன செய்கிறது? ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் முடிந்து வெளியே போகிறார்கள் என்பதால் வகுத்தால், சராசரியாக ஒருவர் உள்ளே இருக்கும் நேரம் கிடைக்கும். 18 பேர், மணிக்கு 3 என்றால் 6 மணி நேரம். மணிக்கு 6 என்றால் 3 மணி நேரம். காத்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒழுங்கைப் பார்த்து, கண் சிகிச்சையையும் அப்படி ஒரே சீராகக் கொடுக்க முடியாதா என்று யோசித்தார். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலைகளையெல்லாம் அவர்கள் செய்கிறார்கள். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கண் லென்ஸை இங்கேயே மலிவாகத் தயாரித்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் அதே ஆபரேஷன் நடக்கிறது. டாக்டரின் நேரம் வீணாகியிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

இந்த முறையிலும் ஒரு கவனம் வேண்டும். டாக்டருக்கு மூன்றாவது கட்டில் போட்டால் மணிக்கு 9 ஆகாது. இரண்டு கட்டிலிலேயே அவர் நேரம் முழுக்க நிரம்பிவிட்டது. எங்கே நிறுத்துவது என்பதையும் பாட்டில்நெக்தான் சொல்லும்.

அந்த ஆலை பிறகு டாஃபிங்குக்குப் புது ஆட்களை எடுத்துக்கொண்டது, கான்ட்ராக்டில். அந்த ஆறு பேரும் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் யாரையாவது 'சும்மா' என்று குறிக்கும் முன்னால், அதே வரிசையில் இன்னொரு கட்டம் போட்டுக்கொள்கிறேன்: இவர் எதற்காகக் காத்திருக்கிறார், இவர் இல்லாவிட்டால் எது நிற்கும்? ஸ்டாப்வாட்ச் அதைச் சொல்லாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் அந்த டாஃபிங் ஆட்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.