தாயும் ஊரும் – 6: பிரசவம் எங்கே என்பது பிறகு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டில் புதுமருமகளுக்கு நாள் தள்ளிப்போனால், பெரியவர்கள் கூடிப் பேசத் தொடங்குவது பிரசவத்தைப் பற்றித்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் மலையாளிகளுக்கும் உண்டு, தமிழர்களுக்கும் உண்டு. ஏழாம் மாதம் பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். பஜார் ரோட்டு மண்டிகளை நம்பி வந்த குடும்பங்களிலும், ஃபோர்ட் கொச்சி டோபி கானாவைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் பெண்ணின் ஊர் தென்காசியாகவோ தேனியாகவோ இருக்கலாம். அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்பார் ஒருவர். மட்டாஞ்சேரியிலேயே அரசு பெண்கள் - குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்பார் இன்னொருவர். கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரி, பாலம் தாண்டினால் எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி, கையில் காசிருந்தால் தனியார் ஆஸ்பத்திரிகள் என்று பேச்சு நீளும். முதல் குழந்தை விஷயத்தில் ஒரு குடும்பம் இவ்வளவு யோசிப்பது நியாயமே. ஆனால் இந்த முடிவு வரட்டும் என்று முதல் பரிசோதனையும் சேர்ந்து காத்திருக்கிறது; அதுதான் எனக்குக் கவலை தருகிறது. பிரசவம் பார்க்கும் இடத்தைத் தேர்வு செய்வதற்கு ஐந்தாறு மாத அவகாசம் இருக்கிறது. பரிசோதனையைத் தொடங்குவதற்கு அந்த அவகாசம் கிடையாது. இரண்டையும் ஒரே காரியமாக நினைப்பதால் முதல் கர்ப்பத்தில் பெண்கள் இழப்பது, திரும்பக் கிடைக்காத சில வாரங்களை.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அவசரம் புரியும். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் ஆஸ்பத்திரிக் கணக்கில் அது ஆறாவது வாரம். நாள் தள்ளிப்போனது தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-ல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே இந்தக் குறைபாட்டுடன் குழந்தை பெற்ற தாய்மார்கள் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால் அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் முன்கூட்டியே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பது அதன் வழியாக வந்த வழக்கம். பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். பதினோராவது வாரத்தில் பதிந்தவர் பதிவேட்டில் சீக்கிரம் வந்தவர். ஆனால் நரம்புக்குழாயைப் பொறுத்தவரை அவர் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாக வந்தவர்.

கர்ப்பகாலப் பரிசோதனை என்ற ஏற்பாடே பிரசவ நாளை மனத்தில் வைத்துத்தான் உருவானது. எடின்பரோவின் டாக்டர் பாலன்டைன் 1901-ல், பிரசவத்துக்கு முன்பே பெண்களைக் கவனிக்கத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று எழுதினார். 1929-ல் பிரிட்டன் சுகாதார அமைச்சகம் வகுத்த கால அட்டவணை 16-வது வாரத்தில் தொடங்கி, மாதமாக ஆக வருகைகளை நெருக்கியது. கடைசியில்தான் ஆபத்து என்பதால் கடைசியில்தான் அதிகக் கவனம். பல நாடுகள் இதைப் பின்பற்றின, நம் வீடுகளின் நினைப்பும் இதேதான். லண்டனில் பணியாற்றும் டாக்டர் கிப்ரோஸ் நிகோலைடஸ் 2011-ல், கடைசி மாதங்களில் அகலும் இந்தப் பரிசோதனைப் பிரமிடைத் தலைகீழாக்கச் சொன்னார். 11 முதல் 13 வாரங்களுக்குள் விரிவாகப் பரிசோதித்தால், யாருக்கு எந்த ஆபத்து வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் அப்போதே கணிக்கலாம் என்பது அவர் வாதம். அவரும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுவான சான்று. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் மருத்துவர் மேற்பார்வையில் தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததில், குறைமாதத்திலேயே தாக்கும் கடுமையான வகை 62 சதவீதம் குறைந்தது. முதல் பிரசவம் என்பதே இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. ஏழாம் மாதம் கால் வீங்கி வந்து நிற்கும் பெண்ணுக்கு இந்தத் தடுப்பால் பயனில்லை, காலம் கடந்திருக்கும்.

சர்க்கரையிலும் அப்படித்தான். நம் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு அதிகம் என்பதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் எளிய சோதனை அவர் முயற்சியால் பரவியது. இன்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அதை முதல் வருகையிலேயே செய்யச் சொல்கிறது, 24 முதல் 28 வாரத்தில் மறுபடியும். ரத்த வகை, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவையும் அதே ஊசியில் முடிந்துவிடும். இவற்றில் ஹீமோகுளோபினைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில்கூட கர்ப்பிணிகளில் 31 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. எட்டாவது வாரத்தில் தெரிந்தால் மாத்திரையாலும் சாப்பாட்டாலும் பொறுமையாக ஏற்றலாம். முப்பத்து நாலாவது வாரத்தில் தெரிந்தால் ஊசியோ ரத்தமோ ஏற்ற வேண்டிவரும். சோகை பிடித்த உடம்பு, பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கையே தாங்காது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். தாய்மார் மரணத்தை இவ்வளவு குறைத்த கேரளத்தில் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? 2010-12-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 66 ஆக இருந்த தாய் மரண விகிதம் 2018-20-ல் 19 ஆனது. நாடு முழுவதற்குமான விகிதம் அப்போது 97. பிறகு சற்று ஏறி இறங்கினாலும் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் அது ஒன்று. இதன் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. கேரள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2004 முதல், டாக்டர் வி.பி. பைலி முன்னின்று நடத்த, ஒவ்வொரு தாய் மரணத்தையும் யார் மீதும் பழி சுமத்தாமல், பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் ரத்த அழுத்த நோயும் முன்னால் நின்றன. அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பிரசவ அறைகளுக்குத் தரநெறி வகுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் இந்த வெற்றியின் பெரும்பங்கு பிரசவ அறையில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் ஏறிய பிறகு சமாளிப்பதும், ரத்தம் போன பிறகு நிறுத்துவதும் அங்கே நடக்கும். அழுத்தம் ஏறாமல் தடுப்பதற்கும், ரத்தம் போனாலும் தாங்கும் உடம்பை உருவாக்குவதற்கும் முன்னாலிருக்கும் மாதங்கள் வேண்டும்.

அந்த மாதங்களைப் பற்றிய கேரளக் கணக்கு அவ்வளவு நிம்மதி தருவதாக இல்லை. 2019-ன் இரண்டாம் பாதியில் இங்கே எடுத்த அதே ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்ட தாய்மார் ஏறத்தாழ 94 சதவீதம். நாட்டின் சராசரி 70. ஆனால் குறைந்தது நான்கு முறை போனவர்கள் ஏறத்தாழ 79 சதவீதம்தான், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 90 ஆக இருந்தது. கொரோனா வருவதற்கு முன்பே எடுத்து முடித்த கணக்கு இது, அதன்மேல் பழி போட முடியாது. தமிழ்நாட்டிலோ தொடக்கம் பின்தங்கி, தொடர்ச்சி முந்துகிறது: முதல் மூன்று மாதத்தில் 77, நான்கு முறை 90. கேரளத்தின் சரிவுக்கு ஒரே காரணம் சொல்ல அந்த எண்கள் போதா. ஆனால் அட்டையில் பெயர் ஏறுவதும் கவனிப்புத் தொடர்வதும் ஒன்றல்ல என்பதற்கு அவை போதும். இன்னொன்று: மூன்று மாதம் என்ற பெரிய வலைக்குள் ஆறாவது வாரமும் பதின்மூன்றாவது வாரமும் ஒன்றாகவே விழுகின்றன. முன்னே விவரித்த வேறுபாடு எதையும் இந்த 94 காட்டாது.

மூன்று மாதம் நிற்கட்டும், அதற்குள் வெளியே சொல்லக் கூடாது என்ற எண்ணத்தை வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். அதன் பின்னால் பெண்களின் நீண்ட அனுபவம் இருக்கிறது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன, பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்துக்குள். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கும் வேதனை பெண்ணுக்குத்தான் அதிகம். சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரிச் சந்துகளில் எந்தச் செய்தியும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆஷா பணியாளர் படியேறினாலே பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஆகவே உறவினருக்கும் தெருவுக்கும் சொல்லாமல் இருப்பது பெண்ணின் உரிமை. மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதற்கு அது காரணமாகாது. கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு தங்கிவிடுவது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் நடக்கிறது. அந்தக் குழாய் வெடிப்பது இதே ரகசிய வாரங்களில்தான். வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டித் தாய் உயிருக்கு ஆபத்து. கர்ப்பம் நிலைக்குமோ நிலைக்காதோ என்ற சந்தேகம், போய்ப் பார்க்கத்தான் காரணம்.

சீக்கிரம் போனால் சீக்கிரமே ஸ்கேன், மருந்து, கடைசியில் கத்தி என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் 100 பிரசவங்களில் 39 அறுவை சிகிச்சை, தமிழ்நாட்டில் 45, நாட்டின் சராசரி 21.5 என்று அதே கணக்கெடுப்பு சொல்லும்போது, இந்த அச்சத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அறுவை சிகிச்சை கூடுவதற்கான காரணங்களைப் பிரசவ அறையின் நடைமுறையிலும், நேரத்துக்கு முடிக்கும் அவசரத்திலும், வழக்குகள் மீதான பயத்திலும் தேட வேண்டும். முதல் மாதங்களின் பரிசோதனை அதற்கு எதிர்த்திசையில் உதவக்கூடியது. கருவின் தலை முதல் பிட்டம் வரை அளக்கும் முதல் ஸ்கேன், பதின்மூன்றாவது வாரம் முடிவதற்குள் எடுத்தால், கர்ப்பத்தின் வயதை ஐந்தாறு நாள் பிசகுக்குள் சொல்லிவிடும். கடைசி மாதங்களில் எடுத்தால் இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகும். தேதி தப்பாக இருந்தால் நாள் முற்றாத குழந்தையை நாள் கடந்துவிட்டது என்று எண்ணி வலி வரவழைப்பார்கள், வராவிட்டால் கத்திதான். சரியான தேதி கையில் இருக்கும் பெண்ணால் ‘இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா, டாக்டர்?’ என்று ஆதாரத்தோடு கேட்க முடியும்.

மட்டாஞ்சேரியில் தொடங்கிவிட்டு ஏழாம் மாதம் வேறு ஊர் போகிறவளுக்கு இதெல்லாம் வீண்தானே என்பது அடுத்த வாதம். உண்மையான சிக்கல் அந்த மாற்றத்தில் இருக்கிறது. வருகைகளை நான்காகக் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அர்ஜென்டினா, கியூபா, சவுதி அரேபியா, தாய்லாந்து நாடுகளில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வை, பிற்பாடு மறுபடி அலசினார்கள். குறைந்த வருகை பெற்ற குழுவில் 32 முதல் 36 வாரங்களுக்குள் வயிற்றிலேயே குழந்தை இறப்பது கூடியிருந்தது. 2016-ல் அந்த நிறுவனம் நான்கை எட்டாக உயர்த்தியதற்கும், முதல் சந்திப்பைப் பன்னிரண்டு வாரத்துக்குள் வைத்ததற்கும் இத்தகைய சான்றுகள் பின்னணி. சடங்கு முடிந்து, ஊர் மாறி, புது ஆஸ்பத்திரியில் புதுச் சீட்டுப் போட்டு உட்காருவதற்குள் நம் பெண்கள் கடக்கும் வாரங்களும் ஏறக்குறைய அவையே. தாய்வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பிரசவத்தில் அம்மா பக்கத்தில் இருப்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் கையில் தாய் சேய் பாதுகாப்பு அட்டையும், எட்டாவது வாரத்து ரத்த அழுத்தமும், முதல் ஸ்கேன் தேதியும் இருந்தால், தென்காசியில் பார்க்கும் மருத்துவர் அழுத்தம் ஏறியிருக்கிறதா, முன்பே இப்படித்தானா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை.

செலவு என்று கேட்டால், அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் மருந்தும் பிரசவமும் 2011 முதல் தேசியத் திட்டப்படி இலவசம். வரிசையில் நின்று போகும் ஒரு நாள் கூலி இலவசமல்ல என்பதும் சரி. அதற்கு ஈடாக வர வேண்டிய பணமோ சீக்கிரம் வரச் சொல்வதில்லை. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரும் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில், ஆறு மாதத்துக்குள் பதிந்து ஒரு பரிசோதனை செய்திருந்தாலே முதல் தவணை 3,000 ரூபாய்க்குத் தகுதி உண்டு. மாதந்தோறும் 9-ம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை நாள், நான்காம் மாதத்திலிருந்து வருகிறவர்களுக்கானது. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு என்ற நிபந்தனையைச் சேர்த்தபோது, பணத்தையும் காலத்தையும் இணைத்தார்கள். கேரளம் இன்னும் ஒரு படி முன்னே போய், எட்டு வாரத்துக்குள் வருகிறவளுக்கு அன்றைய கூலியையும் வண்டிச் செலவையும் தனியாகக் கொடுக்கலாம். ஆஷா பணியாளர்கள் வழியே கர்ப்பச் சோதனைக் கருவி இலவசமாகத் தரும் ஏற்பாடு தேசிய சுகாதாரத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கருவியோடு ஒரு பட்டை ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும், மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் அடுத்த வாரத்துக்கான ஒரு சீட்டையும், மலையாளத்தோடு தமிழிலும் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.