புதிய சர்வர், பழைய முகவரி

ஓய்வூதியச் சான்றிதழ் ஒன்றுக்காக அண்மையில் ஓர் அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். புதிய சர்வர் வந்த பிறகுதான் கணினிகள் மந்தமாகிவிட்டன என்றார் எழுத்தர். என்னையும், ஊன்றுகோலுடன் நின்ற ஒரு மூதாட்டியையும் மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் தொழில்நுட்பப் பணியாளர் காரணத்தைக் கண்டறிந்தார். ஒரு சர்வரைப் பெயரால் தேடும் கணினி, அதன் எண் முகவரியை முதலில் 'டிஎன்எஸ்' சர்வரிடம் கேட்கும். பழைய சர்வரை அகற்றியவர்கள், கணினிகளில் முதலாவதாகப் பதிவாகியிருந்த அதன் முகவரியை மாற்றவில்லை. இல்லாத சர்வரின் பதிலுக்குச் சில விநாடிகள் காத்திருந்த பிறகே கணினி அடுத்த முகவரியை நாடியது. கோப்பு திறக்கும்போதெல்லாம் இதே தாமதம். முகவரிகளை வழங்கும் அமைப்பில் ஒரு வரியைத் திருத்தி, கணினிகளை மறுபடி இயக்கியதும் வேகம் திரும்பியது.

கணினிகள் பெருகியும் உற்பத்தித்திறன் கணக்கில் அதன் பலன் தென்படவில்லையே என்று 1987-இல் பொருளியலறிஞர் ராபர்ட் சோலோ சுட்டிக்காட்டினார். 1990-இல் பால் டேவிட் அதற்கு மின்சார வரலாற்றிலிருந்து விளக்கமளித்தார். நீராவி எந்திரத்தின் இடத்தில் மின்மோட்டாரை வைத்த தொழிற்சாலைகள், கட்டட அமைப்பையும் வேலை முறையையும் மாற்றிய பிறகே முழுப் பயனை அடைந்தன.

நாமோ சர்வர் வாங்க நிதி ஒதுக்குகிறோம். அதனுடன் பழையவற்றை இணக்கப்படுத்தும் உழைப்புக்கு ஒதுக்குவதில்லை. அந்தச் செலவு வரிசையில் நிற்போரின் நேரத்திலிருந்து வசூலிக்கப்படுகிறது. ஒவ்வொரு கணினியிலும் சோதித்த பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்க்க வேண்டும். அந்த மூதாட்டி இரண்டாம் முறை பேருந்து ஏறியிருக்க வேண்டியதில்லை.