பாட்டுப் பெட்டி இனி நம் வீட்டில்

விங்க் மியூசிக் செயலியை மூடப்போவதாக 2024-இல் ஏர்டெல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உரிமப் பேச்சு முறிந்ததில் ஜீ மியூசிக்கின் இந்திப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்தன. நம்மிடம் உள்ள பாடல்களை 50,000 வரை ஏற்றிவைக்க இடம் கொடுத்த கூகுள் பிளே மியூசிக், 2020-இலேயே கடையைக் கட்டிவிட்டது. சந்தா கட்டுகிறவருக்குக் கிடைப்பது கேட்கும் அனுமதி மட்டுமே. கேசட், சிடி என்று காசு கொடுத்துச் சேர்த்தவர்கள் சிலர் வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்வது இதனால்தான்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு மென்பொருள், அவ்வளவுதான். பாட்டும் படமும் வேண்டுமென்றால் ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டபோது, அதன் கடைசித் திறந்த பதிப்பை எடுத்துத் தன்னார்வலர்கள் 2018 டிசம்பரில் தொடங்கியது இது. பாட்டு மட்டும் போதுமென்றால் நேவிட்ரோம். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இரண்டும் இலவசம். வீட்டு வைஃபையில் உள்ள எந்த போனிலும் கேட்கலாம்.

சிடியை ‘ஃபிளாக்’ வடிவில் மாற்றினால் ஒலித்தரம் துளியும் குறையாது. ஃபைல் அளவு மட்டும் ஏறக்குறையப் பாதியாகும். ஒரு சிடிக்கு 400 மெகாபைட் என்று வைத்தாலும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 2,500 சிடிகள் அடங்கும். கேசட்டுக்குக் குறுக்குவழி இல்லை. டேப் ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அறுபது நிமிடக் கேசட்டை அறுபது நிமிடமும் ஓடவிட்டு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிய வேண்டும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். இந்த மென்பொருள்கள் பாடகர்தான் ஆல்பத்தின் சொந்தக்காரர் என்ற மேற்கத்திய வழக்கத்தில் எழுதப்பட்டவை. நமக்கோ படம்தான் ஆல்பம், அடையாளம் இசையமைப்பாளர். ஐந்து பாட்டை ஐந்து பேர் பாடியிருந்தால் ஒரே படம் ஐந்து ஆல்பமாகச் சிதறி நிற்கும். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை நிரப்பினால் ஒன்றுசேரும். அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல். இளையராஜாவை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். சர்வருக்கு அத்தனையும் தனித்தனி ஆட்கள். எஸ்.பி.பி.யின் இனிஷியலுக்கு நடுவே ஓர் இடைவெளி கூடினாலும் அதே கதை. மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற இலவசக் கருவி பாட்டின் ஒலியை வைத்தே பெயரைக் கண்டுபிடிக்கும், ஆனால் பழைய தமிழ்ப் படங்களுக்கு அதை நம்பி உட்கார முடியாது. பெயர்களைத் தமிழிலேயே, ஒரே விதமாக எழுதிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். மூலையில் கிடக்கும் லேப்டாப் போதும். 15 வாட் இழுத்தால் மாதம் சுமார் 11 யூனிட்டில் முடியும். மின்வெட்டில் அதன் பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடும் (உப்பிய பேட்டரி என்றால் உடனே கழற்றிவிடுங்கள்). வீடியோ மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். டிவிக்குப் புரியாத வடிவில் படம் இருந்தால் சர்வர் அதை ஓட ஓட மாற்றித் தர வேண்டும். ராஸ்பெரி பை அதில் திணறும். ஓரளவு புதிய இன்டெல் சிப் சமாளிக்கும்.

வெளியூரிலிருந்து கேட்பது அடுத்த ஆசை. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால், வெளியிலிருந்து நம் வீட்டை நேரடியாக எட்ட முடியாமல் போகலாம். எட்ட முடிந்தாலும், ரவுட்டரில் கதவைத் திறந்துவைப்பது ஆபத்து. டெய்ல்ஸ்கேல் போன்ற தனிச் சுரங்க இணைப்பு இரண்டு சிக்கலையும் தீர்க்கும்.

இப்படி நகலெடுப்பது சட்டப்படி சரியா என்றால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. அடுக்ககம் முழுவதற்கும் திறந்துவிட்டால் அந்தச் சலுகை நிற்காது.

ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒருநாள் சாகும். எந்த மென்பொருள் என்று யோசிப்பதற்கு முன் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். நகலெடுத்து உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.