வெந்நீர்க் கணப்புக்கு ஒரு கால்தாங்கி

கம்பம் பள்ளத்தாக்கில் குளிர்காயும் கருவிக்கு வேலையில்லை. மேகமலைக்கு ஏறினால்தான் மார்கழி இரவில் கணப்பின் அருமை விளங்கும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறதன்றோ? நம் இளைஞர் மேற்படிப்புக்குச் செல்லும் இங்கிலாந்திலோ, வீட்டுச் சுவரில் மாட்டிய உலோகத் தகட்டினுள் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிறது. அதனை ரேடியேட்டர் என்பர்.

குளிரில் முதலிற் சில்லிடுவது பாதம். உடலின் நடுப்பகுதியைக் காக்கவே, கைகால்களின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. உடனே தகட்டின்மேல் காலை வைக்கத் தோன்றும். அதுவோ 60, 70 டிகிரி வரை சுடும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதம், வெந்ததைக்கூட அறியாது.

ஆதலின் தகட்டுக்கு முன்னே மரக் கால்தாங்கி ஒன்றைப் பொருத்தலாம். மரம் வெப்பத்தை மெல்லவே கடத்தும். சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். முழுப்பலகை காற்றோட்டத்தை மறித்து அறையையே குளிரவிடும். கொக்கி, தாங்கி நகராதிருக்க மட்டுமே. பாரம் முழுவதும் தரையில் ஊன்றிய கால்களில் இறங்கவேண்டும்; இன்றேல் சுவர்ப்பிடிப்புப் பெயர்ந்து, குழாய் விட்டு, கூடம் குளமாகும். மரமும் நன்கு உலர்ந்ததாயிருக்கட்டும். பச்சை மரம் அச்சூட்டில் முறுக்கிக்கொள்ளும். நம்மூர்த் தச்சருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.