கடல் தாண்டிப் போட்டாலும் அளந்து போடு!



பேசின் பிரிட்ஜ் பக்கம் கடை வைத்திருக்கும் நமக்கு வரி என்றால் முன்பு விற்பனை வரி, பிறகு ஜி.எஸ்.டி., ஆண்டுக்கு ஒரு முறை வருமான வரி. வெளிநாட்டு வரி விவகாரமெல்லாம் துறைமுகத்தில் கப்பல் சரக்கு எடுப்பவர்கள் பாடு என்று வெகு காலம் இருந்துவிட்டோம். இனி அப்படி இருக்க முடியாது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மளிகைக் கடைக்காரர் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். பணம் போகிறது, வருகிறது. அது போகும் வழியெல்லாம் சட்டமும் கூடவே போகிறது.

நமக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2025 ஆகஸ்டில் மகள் வழிப் பேரன் படிப்புக்காக இங்கிலாந்துக்கு 18 லட்ச ரூபாய் அனுப்பினோம். வங்கிப் படிவத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'படிப்பு' என்று குறிக்காமல் 'உறவினர் பராமரிப்பு' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். சரியாகப் படிக்காத குற்றம் நம்முடையதுதான். 1,60,000 ரூபாய் கூடுதலாகப் பிடித்தார்கள். படிப்பு என்று குறித்திருந்தால் 40,000 ரூபாயோடு போயிருக்கும். தீபாவளிக் கொள்முதல் நேரம் அது. 1,20,000 ரூபாய் என்பது ஏறக்குறைய இருபது மூட்டைத் துவரம் பருப்பு வாங்கும் முதல். அந்த முதல் முடங்கியதால் நாம் பட்ட சங்கடம் கடை நடத்துகிறவருக்குப் புரியும்.

இதற்குப் பெயர் மூலத்தில் வசூலிக்கும் வரி, அதாவது டி.சி.எஸ். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு இது 2020 அக்டோபர் 1 முதல் வந்தது. அப்போது ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம். 2023 அக்டோபர் 1 முதல் படிப்பு, மருத்துவம் தவிர்த்த மற்றவற்றுக்கு 20 சதவீதமாக ஏற்றினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பை 10 லட்சமாக உயர்த்தினார்கள். அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்தின் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு இந்த வரியையே நீக்கினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் விகிதம் 2 சதவீதமாகக் குறைந்தது. பராமரிப்பு, அன்பளிப்பு ஆகியவற்றுக்கு 20 சதவீதம் நீடித்தது. நாம் அனுப்பிய 18 லட்சத்தில் 10 போக மிச்சம் 8 லட்சம். அதில் 20 சதவீதம்தான் அந்த 1,60,000.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது செலவு அல்ல, நம் பெயரில் அரசாங்கத்திடம் இருக்கும் வரவு. நம் ஆடிட்டர் இதைச் சொன்ன பிறகுதான் மனம் ஆறியது. டிசம்பர் 15 முன்வரித் தவணையில் அந்தத் தொகையைக் கழித்துக் கொண்டு மீதியைக் கட்டினோம். முதல் திரும்பிவிட்டது, நான்கு மாதம் கழித்து.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. யாருடைய பான் எண்ணில் பணம் போகிறதோ அவர் கணக்கில்தான் வரவு ஏறும். வருமானமே இல்லாத வீட்டம்மா பெயரில் அனுப்பினால், அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்ப வரும். ஆகவே வரி கட்டுகிறவர் பெயரிலேயே அனுப்புவது நல்லது.

அடுத்தது வெளிநாட்டுக் கணக்கு. 1964இல் பர்மாவில் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நம் வியாசர்பாடியில் குடியேறின. அன்று அக்கரையில் விட்டு வந்த பணத்தைப் பற்றி இங்கே கேட்பாரில்லை. இன்று கதை வேறு. சிங்கப்பூர், துபாய் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பிக் கொள்கின்றன. 2024 நவம்பரில் வருமான வரித் துறை இந்த விவரங்களை வைத்துத்தான் பலருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது.

துபாயிலிருந்து திரும்பி வந்து இங்கே கடை போட்டவர், அங்கே பழைய கணக்கை மூடாமல் வைத்திருந்தால், ரிட்டர்னில் காட்ட வேண்டும். மகன் கணக்கில் கூட்டாகப் பெயர் சேர்த்துக் கொண்ட தகப்பனாருக்கும் இது பொருந்தும். பணம் மகனுடையது என்பது பதிலாகாது. வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்கள், நம் சிறு வணிகர்கள் வழக்கமாகப் போடும் 'சுகம்' படிவத்தைப் பயன்படுத்தவும் கூடாது. 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி காட்டாததற்கு அபராதம் 10 லட்ச ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் தவிர்த்த மொத்தச் சொத்து 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். அபராதம்தான் தளர்ந்தது, காட்ட வேண்டிய கடமை அப்படியே நிற்கிறது.

இன்னும் இரண்டு செய்தி. வெளிநாட்டு இணைய நிறுவனங்களில் விளம்பரம் கொடுப்பதற்கு 2016 முதல் இருந்த 6 சதவீதத் தீர்வை 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல், ரொக்கமாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்தது. பழைய படிவ எண்களை மனப்பாடம் செய்து வைத்தவர்களும் மறுபடி கற்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். தராசு பிடிக்கும் நமக்கு அளவு சொல்லித் தர வேண்டியதில்லை. படிவத்தைப் படித்து, சந்தேகம் இருந்தால் ஆடிட்டரைக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுவோம். நாம் கொடுத்த நான்கு மாதக் கூலியை நீங்களும் கொடுக்க வேண்டாம்.