மலைக்குப் போகும் முன் எங்கே தங்குவது?

பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி, யமுனோத்ரி. இமயமலையில் உள்ள நான்கு புனிதத் தலங்கள் இவை. நான்கும் உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ளன. இந்த யாத்திரையை வடக்கே 'சார் தாம்' என்று சொல்கிறார்கள். சார் என்றால் நான்கு. தாம் என்றால் தலம்.

சாமி கும்பிடப் போகிறவர்களும் உண்டு. மலையையும் ஆற்றையும் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. பாதை அவ்வளவு அழகு. ஒரு பக்கம் வானத்தைத் தொடும் மலை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பள்ளத்தில் நுரைத்து ஓடும் ஆறு. ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்த வழி முழுவதும் அலகநந்தா ஆறும் கங்கையும் கூடவே வரும்.

பலர் குழுவாகத்தான் போகிறார்கள். ஊரில் சீட்டுப் போட்டுப் பணம் சேர்க்கிறார்கள். ரயிலுக்கு முன்பதிவு செய்கிறார்கள். பேருந்து பேசுகிறார்கள். எந்தக் கோயிலுக்கு எந்த நாள் என்று எழுதி வைக்கிறார்கள். ஆனால் மலை ஏறும் முன் எங்கே தங்குவது? இறங்கிய பின் எங்கே தங்குவது? அதை மட்டும் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடுகிறார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் இரண்டு இரவு

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகிவிடும். அங்கிருந்து ஹரித்வார் இன்னும் 220 கிலோமீட்டர் அளவில் உள்ளது. வந்து இறங்கும்போது கால் வீங்கியிருக்கும். இரண்டு நாள் சரியான தூக்கம் இருக்காது. வயிறும் சரியாக இருக்காது.

இந்த நிலையில் மறுநாள் விடியற்காலை பேருந்தில் ஏறினால் என்ன ஆகும்? மலைச்சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். மீதிப் பேர் தூங்கி விழுவார்கள். சுமார் 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை வரும். பாகீரதியும் அலகநந்தாவும் அங்கே கூடுகின்றன. அதற்குப் பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். இரண்டு நிறத் தண்ணீர் ஒன்றாகக் கலப்பதை மேலேயிருந்து பார்க்கலாம். இவ்வளவு தூரம் வந்தும் அதைப் பார்க்காமல் தூங்கினவர்கள் எத்தனையோ பேர்!

ஆகவே அடிவாரத்தில் இரண்டு இரவு தங்குவது நல்லது. ஓர் இரவு களைப்புத் தீர. இன்னோர் இரவு வேலைகளை முடிக்க.

என்ன வேலை? யாத்திரைக்குப் பெயர் பதிவு செய்வது கட்டாயம். 2013 ஜூனில் கேதார்நாத்தில் பெரும் வெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மலைமேல் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கே அப்போது இல்லை. அதன் பிறகுதான் பதிவு முறை வந்தது. ஊரிலிருந்தே இணையத்தில் பதிவு செய்து கொள்ளலாம். அதுதான் நல்லது. அங்கே போய்ப் பதிவு செய்யலாம் என்று நம்பிப் போகக் கூடாது. 2024 மே மாதத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் நேரடிப் பதிவைப் பல நாள் நிறுத்தி விட்டார்கள். பதிவு இல்லாமல் வந்தவர்கள் அடிவாரத்திலேயே காத்துக் கிடந்தார்கள். பலர் மலை ஏறாமலே திரும்பினார்கள்.

இன்னொரு வேலை மூட்டையைப் பிரிப்பது. மலைக்கு வேண்டிய கம்பளி, மழைச்சட்டை, மருந்து ஆகியவை ஒரு பையில் போகட்டும். மற்றவை அடிவாரத்திலேயே இருக்கட்டும். திரும்பி வரும்வரை சாமானைப் பூட்டி வைக்க அறை தருவார்களா என்று விடுதியில் முன்பே கேட்க வேண்டும்.

ஹரித்வாரா, ரிஷிகேஷா?

இரண்டும் கங்கைக் கரை ஊர்கள். இடையே 25 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் இறைச்சி, மதுவுக்குத் தடை உண்டு. முட்டை வேண்டும் என்பவர்கள் சில நாள் பொறுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

ஹரித்வார் பெரிய ஊர். ரயில் வசதி அதிகம். தர்மசாலைகள் ஏராளம். ஹர் கி பௌரி படித்துறையில் குளிக்கலாம். மாலையில் கங்கைக்கு ஆரத்தி எடுப்பதைப் பார்க்கலாம். ஆனால் கூட்டம் மிகுதி. மே, ஜூன் மாதங்களில் சனி, ஞாயிறு வந்தால் போதும். ரிஷிகேஷ் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்று விடும். மலைக்குப் புறப்படும் நாளில் அந்த நெரிசலில் மாட்டினால் அன்று இரவு சேர வேண்டிய இடத்துக்குச் சேர முடியாது. இருட்டிய பின் மலைச்சாலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து. அதற்குக் கட்டுப்பாடும் உண்டு.

மலைச்சாலை தொடங்குவது ரிஷிகேஷில்தான். அங்கே தங்கினால் காலை 4 மணிக்குப் புறப்பட்டு, நெரிசலுக்கு முன்பே மலை ஏறி விடலாம். ரிஷிகேஷில் எய்ம்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. மத்திய அரசின் பெரிய மருத்துவமனை அது. வயதானவர்கள் உள்ள குழுவுக்கு இது பெரிய தைரியம். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து விட்டுத்தான் வர வேண்டும். வந்த இடத்தில் ஏதேனும் தொல்லை என்றால் மலை ஏறும் முன்பே இங்கே காட்டி விடலாம்.

போகும்போது ரிஷிகேஷ், திரும்பும்போது ஹரித்வார். பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே பொருந்தும்.

எந்தக் கரை?

ரிஷிகேஷில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது.

ஊர் கங்கையின் இரு கரையிலும் இருக்கிறது. கிழக்குக் கரையில் சுவர்க்காசிரமம் என்ற பகுதி. அங்கே ஆசிரமங்களும் விடுதிகளும் நிறைய. கங்கை சன்னலுக்கு வெளியே ஓடும். படத்தில் பார்த்தால் அங்கேதான் தங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இடையே இருப்பது ராம் ஜூலா என்ற தொங்கு பாலம். 1986-இல் கட்டியது. பேருந்து அதில் போகாது. இக்கரையில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு கூட்டத்தில் இடிபட்டுப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும். குரங்குகள் வேறு. கையில் பழப்பை இருந்தால் பறித்துக் கொள்ளும். அணைக்கட்டு வழியாகச் சுற்றிக் கொண்டு சிறு வண்டிகள் அக்கரைக்கு வரும். ஆனால் அதற்குத் தனிச் செலவு.

இரண்டு மூன்று பேர் என்றால் கிழக்குக் கரை நல்ல இடம்தான். முப்பது பேர், முப்பது மூட்டை, விடிகாலைப் பேருந்து என்றால் மேற்குக் கரைதான் சரி. மாலையில் கைவீசிக் கொண்டு பாலத்தில் நடந்து போய் அக்கரையைப் பார்த்து வரலாம்.

யாரை நினைத்துத் தேர்வு செய்வது?

32 பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக் கொள்வோம். அதில் 11 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 5 பேருக்கு மூட்டு வலி. குழுத் தலைவர் 40 வயதுக்காரர். அவர் தனக்குச் சரிப்படும் இடத்தைப் பார்க்கக் கூடாது. முழங்கால் மடக்க முடியாத பாட்டிக்கு எது சரிப்படும் என்று பார்க்க வேண்டும். பாட்டிக்குச் சரியாக இருக்கும் இடம் எல்லாருக்கும் சரியாக இருக்கும்.

ஆகவே தொலைபேசியில் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு விட்டு வைத்து விடக் கூடாது. கீழ்த்தளத்தில் எத்தனை அறைகள்? உட்காரும் கழிப்பறை எத்தனை? அறைக்குள்ளேயே கழிப்பறை உண்டா? இரவில் எழுந்து போகிறவர்களுக்கு இது முக்கியம். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? மின்விசிறி ஓடுமா? மேலே பனி என்றாலும் மே மாதத்தில் ரிஷிகேஷில் கடும் வெயில் அடிக்கும். பேருந்து வாசல் வரை வருமா? இரவு எங்கே நிற்கும்?

வாசற்கதவு எப்போது திறக்கும் என்றும் கேட்க வேண்டும். பல ஆசிரமங்களில் இரவு நேரத்தோடு கதவைப் பூட்டி விடுவார்கள். காலை 4 மணிக்குத் திறக்க மாட்டார்கள். பேருந்து வெளியே நிற்கும். குழு உள்ளே நிற்கும்!

ஆசிரமம் என்பது விடுதி அல்ல. அங்கே தங்க முன்பே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் விதிப்படி நடக்க வேண்டும். ரிஷிகேஷில் உள்ள சிவானந்த ஆசிரமம் உலகம் அறிந்தது. அதை அமைத்த சுவாமி சிவானந்தர், பாய்க்குப் பெயர் பெற்ற திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் பிறந்தவர். மலேயாவில் மருத்துவராக இருந்தவர். அமைதியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு ஆசிரமம் ஏற்றது. இரவு பத்து மணி வரை பேசிச் சிரிக்கும் குழுவுக்குத் தர்மசாலையோ விடுதியோ பொருந்தும். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனத்துக்கும் ரிஷிகேஷிலும் யாத்திரை வழியிலும் விடுதிகள் உண்டு.

விடுதியில் பேச இந்தி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நான்கு சொற்கள் போதும். அறைக்குக் கம்ரா. படிக்கட்டுக்கு சீடி. வெந்நீருக்கு கரம் பானி. கீழே என்பதற்கு நீச்சே. "நீச்சே கா கம்ரா" என்று பாட்டியே கேட்டு விடலாம்.

பணம் அனுப்பும் முன்

விடுதி பெயரில் ஏமாற்றுகிறவர்கள் பெருகி விட்டார்கள். இணையத்தில் போலி எண் கொடுப்பார்கள். முழுப் பணமும் இப்போதே அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். அனுப்பிய பின் அந்த எண் பேசாது. 30 பேரின் சேமிப்பு ஒரு நொடியில் போய்விடும்.

முன்பு போய் வந்தவர்களிடம் கேட்டு இடம் பிடிப்பது நல்லது. முன்பணமாகச் சிறு தொகை மட்டும் கொடுக்கலாம். ரசீது வாங்க வேண்டும். அதில் தேதி, அறை எண்ணிக்கை, வாடகை மூன்றும் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டட்டும். ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது.

உயரம் வேறு விஷயம்

ரிஷிகேஷில் நான்கு நாள் தங்கினால் உடம்பு மலைக்குப் பழகி விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். கேதார்நாத் 3,583 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. அடிவார ஓய்வு பயணக் களைப்பைத் தீர்க்கும். உயரத்துக்குப் பழக, நடு உயரத்தில் தங்கித் தங்கித்தான் போக வேண்டும்.

கேதார்நாத் வழியில் குப்தகாசியில் ஓர் இரவு தங்கலாம். அது 1,300 மீட்டர் அளவில் உள்ளது. கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஒரே நாளில் ஓடி ஏறக் கூடாது. பத்ரிநாத் வழியில் முன்பெல்லாம் ஜோஷிமட்டில் தங்குவார்கள். இப்போது அதற்கு ஜோதிர்மட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் உள்வாங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. அதனால் பெரிய குழுக்கள் சற்றுக் கீழே உள்ள பீப்பல்கோட்டியில் தங்குவது நல்லது.

மேலே போன பின் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது உயரத்தால் வரும் நோயாக இருக்கலாம். மேலும் ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். தரிசனம் முடியட்டும் என்று காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

இறங்கி வந்த பிறகு

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் அன்றே இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்து விடுகிறார்கள். வழியில் ஒரு மண்சரிவு போதும். பாதை திறக்க ஐந்து மணி நேரம் ஆகலாம். ஒரு நாளும் ஆகலாம். ரயில் போய்விடும். 30 பேருக்கு மறுபடி சீட்டு எங்கே கிடைக்கும்?

ஆகவே இறங்கும் நாளுக்கும் ரயில் நாளுக்கும் நடுவே இரண்டு இரவு ஹரித்வாரில் இருக்கட்டும். பாதை அடைபட்டால் ஓர் இரவு அதற்குப் போகும். அடைபடாவிட்டால் லாபம்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கலாம். ஈரத் துணிகளை உலர்த்த மொட்டை மாடி உள்ள இடமாகப் பார்க்கலாம். ரிஷிகேஷில் வைத்த சாமானை வரும் வழியில் மறக்காமல் எடுத்துக் கொள்ள வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு அதிகம். அதே காலத்தில் கன்வர் யாத்திரையும் வரும். கங்கை நீர் எடுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஹரித்வாருக்கு வருவார்கள். சாலைகளை அடைத்து விடுவார்கள். அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, பேருந்தும் நகராது. மழைக்குப் பின் செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதம் குழுக்களுக்கு வசதியான காலம். கூட்டம் குறைவு. வானம் தெளிவு. தீபாவளியை ஒட்டிக் கோயில்கள் ஒவ்வொன்றாக நடை சாத்தத் தொடங்கும். அதற்கு முன் போய்த் திரும்ப வேண்டும்.

ஹரித்வார் படித்துறையில் சங்கிலி கட்டியிருக்கும். அதைப் பிடித்துக் கொண்டுதான் குளிக்க வேண்டும். கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். இழுப்பும் அதிகம். குளித்து முடித்து ஒரு பிற்பகல் தூங்கி எழுந்தால், மறுநாள் ரயிலில் ஊர்க்கதை பேசிக் கொண்டே போகத் தெம்பு வந்து விடும்.