பாலூட்டும் தாயும் பேதி மருந்தும்

பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குத் தாய்மார்களை மலச்சிக்கல் வருத்துவது சாதாரணமாகக் காணப்படும் ஒன்றாகும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். சொன்னாலோ, வீட்டுப் பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். விளக்கெண்ணெயை ஊற்றிக் கொடுக்கின்றனர். அல்லது, "பால் கொடுக்கிறவள் மருந்து சாப்பிடலாகாது, பிள்ளைக்குப் பேதியாகிவிடும்" என்று அடியோடு தடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல.

இத்தொல்லை ஏன் உண்டாகிறது என்பதை முதலில் கவனிப்போம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே. தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் குடிக்கிறது. இந்த நீர் முழுவதும் தாயின் உடலிலிருந்தே செல்ல வேண்டும். ஆனால் நமது கிராமங்களில் பல வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது, கீரை ஆகாது, பழம் ஆகாது என்று பத்தியம் வைக்கின்றனர். மதகை அடைத்துவிட்டுக் கடைமடையில் பயிர் காய்கிறதே என்று வருந்துவதற்கு ஒப்பானது இது. உடலில் நீர் குறையும்போது பெருங்குடல் மலத்திலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது; மலம் இறுகிவிடுகிறது. தையல் போட்ட இடம் வலிக்குமே என்ற அச்சத்தால் அடக்கிவைப்பதும் உண்டு.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டிய காரணமும் ஒன்று இருக்கிறது. கழிப்பிடம் இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டும் வரையில் அடக்கிக்கொள்கின்றனர். அதற்காகவே குடிக்கும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கின்றனர். கழிப்பிடம் கட்டியும் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் இல்லாமலில்லை. பிரசவம் நடந்த வீட்டிலாவது கழிப்பிடமும் தண்ணீரும் பயன்படும் நிலையில் உள்ளனவா என்று அந்த வார்டு அங்கத்தினர் விசாரித்தால், மருந்து தேவைப்படாமலே பலருக்குக் குணமாகும்.

பிரசவத்திற்குப் பின் 180 நாட்களுக்கு அரசாங்கம் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுகச் செய்யும்; நிறத்தையும் கறுக்கச் செய்யும். இதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடலாகாது. பிரசவத்தில் இழந்த இரத்தத்தை வேறு எப்படி ஈடுசெய்வது?

தாகத்திற்குத் தடையின்றித் தண்ணீர், ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் ஒரு குவளை நீர் அல்லது மோர், தினந்தோறும் முருங்கைக்கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா, பழுத்த பப்பாளி, கம்பு அல்லது கேழ்வரகு என்று உணவைத் திருத்துவதே முதல் வைத்தியம். கருவாடும் பூண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றால் கெடுதல் இல்லை.

இதிலும் தீராவிடில் மருந்து உண்ணலாம். இஸப்கோல் உமி இரத்தத்தில் கலப்பதில்லை. குடலிலேயே நீரை ஏற்று உப்பி மலத்தை மிருதுவாக்குகிறது. ஆகவே பாலில் சேர வழியில்லை. ஒரு தேக்கரண்டி உமியை ஒரு குவளை தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். நீரின்றி உண்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். லாக்டுலோஸ் என்னும் பாகு மருந்தும் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேருகிறது. பலன் தெரிய இரண்டு நாட்கள் ஆகலாம். அவசரப்பட்டு அளவைக் கூட்டலாகாது.

நிலாவாரையைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலங்களில் விளைந்து, அவ்வூர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படும் சரக்கு அது. நிலாவாரைச் சத்தை அளவிட்டுச் செய்த மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் சில நாட்கள் உண்பதால் பால் குடிக்கும் பிள்ளைக்குப் பேதியாவதில்லை. இலையைக் கைப்பிடியாக அள்ளிக் கஷாயம் வைப்பது வேறு விஷயம். அதில் சத்து எவ்வளவு இறங்கியது என்று யாரும் கூற முடியாது.

விளக்கெண்ணெய் குடலைக் கடுமையாகத் தூண்டிப் பலமுறை பேதியாக்கும். இரத்தம் இழந்து களைத்த தாயின் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடும். ஆகவே அது பாலூட்டுகிறவளுக்கு ஏற்றதன்று. குழந்தையின் வாயில் அதை ஊற்றுவது இன்னும் ஆபத்தானது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கப்படும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை நாளுக்குப் பலமுறை மஞ்சளாக இளகிய மலம் கழிப்பதும், ஒன்றரை மாதத்திற்குப் பின் சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் கழிப்பதும் இயல்பே. அதற்குத் தாய் உண்ட கீரையின் மீது பழி சுமத்த வேண்டாம்.

மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், வாயு பிரியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும், முக்கியமாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, வீட்டு வைத்தியம் உதவாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாகனத்திற்கு 108 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மற்றச் சந்தேகங்களைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது, மாமியாரும் உடனிருக்கக் கேட்டுத் தெளிவது நலம். பத்தியத்தை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் அவரே அல்லவா?